கையில் வாங்கிய சீனி

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்டார்கள். சாமி சத்தியமாக உண்மையைச் சொன்னேன். அந்த உண்மையால் என் நெஞ்சு இன்னும் பல மாதம் கண்டபடி அடித்துத் தொலைத்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தவர்களும், இனிமேல் உட்காரப் போகிறவர்களும் இதைக் கேட்டு வையுங்கள். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். மலையில் பறித்த கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் எடை நிறுத்துச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மடுவமாகப் போய் ஏற்றிக்கொண்டு பெக்டரியில் இறக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்பில் நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் மழையில் வழுக்கும் ரோட்டில், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கும் இடத்தில் லொறியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அதில் நான் பட்டதாரி.

அப்படி ஒரு வளைவில்தான் அது முதலில் வந்தது. சட்டைக்குள் யாரோ கோழிக்குஞ்சைப் பிடித்துப் போட்டது மாதிரி நெஞ்சில் ஒரு படபடப்பு. கண் இருட்டியது. லொறியை மலைப் பக்கம் சாய்த்து நிறுத்திவிட்டு, வயிற்றில் 'கேஸ்' என்று நினைத்துச் சோடா வாங்கிக் குடித்தேன். ஏப்பம் வந்தது, குஞ்சு போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அம்மா இஞ்சி இடித்துக் கொடுத்தாள். குஞ்சு இஞ்சியையும் குடித்துவிட்டு இன்னும் தெம்பாக உதைத்தது.

பதுளைக்குப் பஸ் ஏறினோம். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு மயிரைச் சிரைத்து, ஒட்டு ஒட்டி, வயர் மாட்டி ஈ.சீ.ஜி எடுத்தார்கள். இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் இயந்திரம் அது. என் கோட்டைப் பார்த்தால் எங்கள் தோட்டத்து ரோடு மாதிரியே இருந்தது. டொக்டர் ஒரு பெண். கொழும்புக்காரர், தமிழ்தான். கோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடியும் கோட்டைப் பார்த்தார்.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஒரே ஒரு கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தால் எல்லாரும் ஒழுங்காக மலைக்குப் போவார்கள். இதயத்திலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. அது கூப்பிடக் கூப்பிட மேல் அறைகள் அடிக்கும், பிறகு கீழ் அறைகள் அடிக்கும். எனக்கோ மேல் அறையில் நிற்கிறவன், போகிறவன் எல்லாரும் பெயர் கூப்பிடுகிறார்கள். அது அடிக்காமல் நடுங்கிக்கொண்டே நிற்கிறது. கீழ் அறை யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தாறுமாறாக ஓடுகிறது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த துண்டு மூளைக்குப் போய்விட்டால் கை, கால், வாய் இழுத்துக்கொள்ளும். அதனால் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, ஓட்டத்தைக் குறைக்க ஒரு மாத்திரை.

"லொறி ஓட்டலாமா டொக்டர்?"

"துடிப்பு ஒழுங்காகி, அப்படியே நிற்கிறது என்று நான் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். வளைவில் மயங்கினால் நீங்கள் மட்டுமா சாவீங்க?"

சேதியை எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையிடம் கொண்டு போனேன்.

துரை நல்ல மனிதர், ஆனால் துரை. "ஓட்டலாம்னு டொக்டர்கிட்ட துண்டு எழுதி வாங்கிட்டு வா, லொறி ஒனக்குத்தான். அதுவரைக்கும் குமார் ஓட்டட்டும்" என்றார். குமார் என் தங்கச்சி புருஷன். லொறி ஓட்டச் சொன்னால் மாடு ஓட்டுவான். வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, மேலே ரோட்டில் அவன் கியர் மாற்றும் கர்ர் என்ற சத்தத்தைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் என் பல்லைப் பிடுங்குவது மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியது அந்தத் துண்டு ஒன்றுதான். அதற்காகத்தான் இவ்வளவு ஓட்டமும்.

மாத்திரைக்கு நெஞ்சு அடங்காததால் கொழும்புக்கு அனுப்பினார்கள். தொடையில் ஓட்டை போட்டு, இரத்தக் குழாய் வழியாக நெஞ்சுவரை மெல்லிய வயரை விட்டு, வீணாகப் பெயர் கூப்பிடும் இடங்களைத் தேடிச் சுட்டுவிடுவார்கள். சுட்ட இடம் தழும்பாகும், தழும்பு பேசாது. நல்ல யோசனை. எங்கள் லயத்தில் இரண்டு பேருக்குச் செய்யலாம் என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது நான் பெரிய ஆள். பார்க்க வந்தவர்கள் மேரி பிஸ்கட்டும் மால்ட்டும் கொண்டுவந்து குவித்தார்கள். அம்மா மலையில் வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்காமல் வந்து என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள்.

"ஒழுங்கா அடிக்குதாம்மா?"

"அடிக்குது. ஆனா ஒன்ன மாதிரியே வாயாடிகிட்டு அடிக்குது."

வாயாடியது உண்மைதான். சில வாரத்தில் கோழிக்குஞ்சு திரும்பி வந்துவிட்டது. சுட்ட புண் ஆறும்வரை அப்படி இருக்கும், பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். புண் ஆறிய பிறகும் குஞ்சு போகவில்லை. நான் பொறுத்ததற்கு யாரும் சம்பளம் தரவும் இல்லை.

பழையபடி ஹாலிஎல வழியாகப் பதுளைக்குப் பஸ், பழையபடி கிளினிக் பெஞ்ச். விடியமுன் வந்து நம்பர் எடுத்துவிட்டு, பின்நேரம்வரை முன்னால் இருக்கிறவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதுளையில் எத்தனை விதமான பிடரி இருக்கிறது என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்வேன். டொக்டர் ஒவ்வொன்றாகத் தேடினார். தைரொய்ட் பார்த்தார், சரி. எக்கோ என்று நெஞ்சில் குளிரக் குளிர ஜெல் பூசி இதயத்தின் கதவுகளைப் பார்த்தார், சரி. எல்லாம் சரியென்றால் நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டேன். அதற்கு அவர் என்னைத் திரும்பச் சொல்லி, என் பிடரியைப் பார்த்தார்.

"கழுத்து இப்படிக் கறுத்து எவ்வளவு காலம்?"

நான் வாயைத் திறக்கமுன் கூட வந்த அம்மா பேச்சுக்குள் புகுந்தாள். "அழுக்குங்க டொக்டர். மானம் போகுது. நான் பீர்க்கங்கா நார போட்டு தோலு உரிய தேச்சுட்டேன், போகவே மாட்டேங்குது. இவன் ஒழுங்கா குளிச்சாத்தானே?"

"இது அழுக்கில்லை அம்மா. இனிமேல் தேய்க்காதீங்க."

எத்தனை வருடம் நார் வாங்கிய கழுத்து அது! அம்மா என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். நான் விடவில்லை. "மொதல்ல என் கழுத்துகிட்ட மன்னிப்பு கேளு" என்றேன். சேலைத் தலைப்பால் ஒரு அடி விழுந்தது.

இரத்தம் எடுத்துச் சோதித்ததில் ஒரு புதுப் பெயர் வந்தது. இன்சுலின் எதிர்ப்பு. இதையும் என் பாஷையிலேயே சொல்கிறேன். சாப்பிட்டது சீனியாகி இரத்தத்தில் வரும். இன்சுலின் என்கிற ஆள் உடம்பின் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் காம்பிராக் கதவையும் தட்டி, 'சாமான் வந்திருக்கு, திறங்க' என்று சீனியை உள்ளே அனுப்புவான். எனக்கு அவன் தட்டினால் யாரும் திறப்பதில்லை. உடம்பு இன்னும் பத்துப் பேரை அனுப்பிக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டச் சொல்கிறது. அதனால் இரத்தத்தில் சீனி பெரிதாகக் கூடவில்லை, ஆனால் தட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டம் உடம்பு முழுக்கச் சேட்டை செய்கிறது. கழுத்தைக் கறுக்க வைக்கிறது, வயிற்றில் கொழுப்பை ஏற்றுகிறது. இதயத்தின் மேல் அறையையும் கெடுக்கலாம். இதைக் கவனிக்காமல் நெஞ்சை மட்டும் சுட்டால் துடிப்புக் கோளாறு திரும்பி வரக் கூடும் என்றார் டொக்டர். இப்படியே விட்டால், என் அப்பாவை வாட்டிய சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எனக்கும் வரும் என்றார்.

பிறகுதான் அந்தக் கேள்வி.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுவீங்களா?"

"இல்ல டொக்டர்."

"ஒரு கரண்டி கூட?"

"ஒரு மணி கூட போடுறதில்ல. எங்க வீட்டுல யாருமே போட மாட்டோம்."

அம்மாவும் பெருமையாகத் தலையாட்டினாள். டொக்டருக்கே ஆச்சரியம். "நல்ல பழக்கம். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் சீனிப் பாணி மாதிரிக் குடிக்கிறாங்க" என்றார். படித்தவர் வாயால் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அதுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

சீனி குற்றவாளி இல்லை என்று ஆனதும் பழி முழுக்க ரொட்டி மேல் விழுந்தது. கோதுமை மாவைக் குறை, சோற்றைக் குறை, பேக்கரிப் பாணை விடு, நட. வயிற்றைக் கலக்கும் ஒரு மாத்திரை வேறு. லயத்தில் காலையில் ரொட்டி இல்லையென்றால் வேறு என்னதான் இருக்கிறது? அம்மா எனக்காக அவித்த பயறும் கீரையும் வைத்தாள். கீரையைக் கூட்டிக் குறைக்காமல் ஒரே அளவாகச் சாப்பிடு, இல்லாவிட்டால் இரத்த மாத்திரை குழம்பும் என்று அதற்கும் ஒரு சட்டம். பசியோடு மலை ஏறி இறங்கினேன். குமார் லொறியை நிறுத்தி எட்டிப் பார்ப்பான்.

"ஏறிக்க மச்சான், கொண்டு போய் விடுறேன்."

"ஒன் லொறியில ஏறினா நல்ல நெஞ்சும் கெட்டுரும். போடா."

அவ்வளவு செய்தும் அடுத்த சோதனையில் தட்டுகிற ஆட்கள் குறையவில்லை. நெஞ்சு முன்னைவிட வேகமாக ஓடியது. டொக்டர் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். நான் திருட்டுத்தனமாக ரொட்டி தின்கிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அழுகை வரும்போல ஆத்திரம். வார்டில் நிறுத்திக்கொண்டார்கள். தூங்க வைத்து நெஞ்சில் கரண்ட் கொடுத்து, ஒரே அடியில் எல்லாக் கூச்சலையும் நிறுத்திப் பார்க்கலாம் என்று முடிவு.

அடுத்த கட்டிலில் மொனராகலைப் பக்கம் கரும்பு போடுகிற ஒரு விவசாயி. சிங்களவர், உடைந்த தமிழ் நன்றாகப் பேசுவார். கரண்ட் கொடுக்க இருந்ததற்கு முதல் நாள், பகல் பார்வையாளர் நேரத்தில், அம்மா மலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு பிளாஸ்கோடு வந்தாள். ஆஸ்பத்திரித் தேத்தண்ணி வாயில் வைக்க முடியாது என்று நான் புலம்பியதற்காக, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்த சாயத் தேத்தண்ணி. கோப்பையில் ஊற்றினாள். நான் இடது கையை நீட்டினேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடதாசிப் பொட்டலத்தை அவிழ்த்து என் உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு நக்கு, ஒரு மிடறு. அப்பாடா, உயிர் வந்தது.

நிமிர்ந்தால் கட்டில் காலடியில் டொக்டர் நிற்கிறார்.

"அது என்ன?"

"தேத்தண்ணி டொக்டர். பால் இல்ல, வெறும் சாயம்."

"கையில்?"

"சீனி."

டொக்டர் குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீங்கதானே சீனி போடுவதில்லை என்று சொன்னீங்க?"

"தேத்தண்ணியில போடலையே டொக்டர்! வேணும்னா குடிச்சிப் பாருங்க, கசக்கும். இது தொட்டுக்கிறது."

"அட கடவுளே! எத்தனை தரம்?"

அம்மா உதவிக்கு வந்தாள், எனக்கு எதிராக. "காலையில எந்திரிச்சதும் ஒண்ணு. ரொட்டியோட ஒண்ணு. லொறியில போனா ஒவ்வொரு மடுவத்துலயும் புள்ளைங்க ஊத்திக் குடுக்கும். இப்ப வீட்டுலதானே இருக்கான், பொழுது போகலன்னு சும்மா சும்மா கேப்பான். பசி தாங்குவானான்னு நானும் ரெண்டு விரல் சீனி கூடத்தான் கொட்டுறது."

டொக்டர் மருந்துக் கரண்டி ஒன்றை வாங்கி, என் உள்ளங்கையில் மிச்சமிருந்த சீனியை அதில் கொட்டச் சொன்னார். பாதியை நக்கிய பிறகும் கரண்டி நிரம்பி வழிந்தது. கரும்புக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சிங்களத்தில் என்னைத் தம்பியாக்கிக் கூப்பிட்டார். "மல்லி, நாங்க போடுற கரும்பு எல்லாம் எங்க போறதுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்றார். வார்ட் முழுக்கச் சிரித்தது. டொக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னேன்? தேத்தண்ணிக்கான்னு கேட்டீங்க. கைக்கான்னு கேக்கலையே. நான் ரொட்டிய விட்டேன், பாண விட்டேன், பைத்தியக்காரன் மாதிரி மலை ஏறினேன்..." துண்டு, லொறி, வீணாய்ப்போன மாதங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. கோழிக்குஞ்சுக்கு இடம் போதவில்லை.

டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பொய் சொல்லவில்லை, சரி. ஒங்க பழக்கம் எனக்குத் தெரியாது, என் கேள்வி ஒங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் சீனி ஒன்றுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். ஒங்க அப்பாவுக்கும் இருந்தது. உட்கார்ந்தே செய்கிற வேலை, வயிறும் இருக்கிறது. பல காரணங்களில் நம்மால் இன்றைக்கே நிறுத்தக் கூடியது இதுதான்."

அம்மா பொட்டலத்தை மறுபடி மடித்து முடிந்துகொண்டு, கோப்பையைக் கழுவப் போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. கழுத்தைத் தேய்த்த கையும் சீனி கொட்டிய கையும் ஒரே கை என்பது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் கரண்ட். நெஞ்சில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகப் பட்டை ஒட்டினார்கள். நர்ஸ் மிஸ் குனிந்து, "மல்லி, பயமா?" என்று கேட்டார்.

"பயமில்ல மிஸ். கரண்ட் பில்லு மட்டும் துரைக்கு அனுப்பிருங்க."

அவர் சிரித்த பல்தான் நான் கடைசியாகப் பார்த்தது. கண் விழித்தபோது நெஞ்சுத் தோல் எரிந்தது. பக்கத்துப் பெட்டியில் டிக், டிக், டிக் என்று ஒரே ஒரு கணக்கப்பிள்ளை நிதானமாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தியமாக, அவ்வளவு அழகான சத்தத்தை நான் எந்த எஞ்சினிலும் கேட்டதில்லை.

"துண்டு?" என்றேன், நாக்குச் சரியாகத் திரும்பமுன்னே.

"இது நிற்கிறதா பார்ப்போம்" என்றார் டொக்டர்.

இனித்தான் உண்மையான வருத்தம் தொடங்கியது. சீனி இல்லாத தேத்தண்ணி. நாங்கள் பறித்து, நாங்கள் ஏற்றி, உலகத்துக்கே அனுப்புகிற சாமான் இவ்வளவு கசக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அம்மா சீனிப் போத்தலை வீட்டைவிட்டே வெளியேற்றினாள். எனக்காகத் தானும் கசப்பாகக் குடித்தாள். முகம் சுளிக்காமல் குடிப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு கண்ணை மூடுவாள். என் இடது கை மட்டும் கேட்கவில்லை. கோப்பையைக் கண்டதும் தானாக நீண்டு, மலர்ந்து, காத்திருக்கும். மூளைக்குப் புத்தி சொல்லலாம், கைக்கு என்ன பாஷையில் சொல்வது? முதல் வாரங்களில் தலைவலி. காரணமில்லாமல் குமாரோடு சண்டை. அவனோடு சண்டைக்குக் காரணம் தேடவும் தேவையில்லை என்பது வேறு.

சில மாதம் கழித்து கிளினிக்கில் டொக்டர் நாடி பார்த்தார், ஈ.சீ.ஜி எடுத்தார். கோடு ஒழுங்கு. தட்டுகிற ஆட்களும் கொஞ்சம் குறைந்திருந்தார்கள். முழுசாக இல்லை. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"தேத்தண்ணியில் சீனி?"

"இல்ல."

"கையில்?"

"இல்ல."

"நேராக வாயில்? கருப்பட்டி, சக்கரை, பனங்கட்டி, டொபி?"

"டொக்டர், இப்ப நீங்களும் தோட்டத்து ஆளாயிட்டீங்க."

துண்டு கிடைத்தது. ஆனால் அரைத் துண்டு. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டலாம், பக்கத்தில் இன்னொரு டிரைவர் கட்டாயம் இருக்க வேண்டும், நெஞ்சு தடுமாறினால் அந்த நிமிஷமே ஸ்டியரிங் கைமாற வேண்டும். இரத்த மாத்திரை தொடரும். குஞ்சு திரும்பி வராது என்று யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவு பட்டும் முழு ஆள் ஆகவில்லையே என்று எனக்கு எரிந்தது. இன்னொரு டிரைவர் யார் என்று யோசித்தபோது இன்னும் எரிந்தது.

குமாரை ஒரு நாள் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் அவனுடைய இரண்டு விரல்களை என் மணிக்கட்டில் வைத்து, ஒழுங்கான துடிப்பு எப்படி, தாறுமாறு எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். அவனும் கண்ணை மூடிக்கொண்டு பெரிய வைத்தியர் மாதிரித் தலையாட்டினான்.

லொறியில் மறுபடி ஏறிய முதல் நாள், கியர் பொக்ஸ் என்னிடம் அழாத குறையாக முறையிட்டது. மெதுவாக எடுத்தேன். மேல் மடுவத்தில் நிறுத்தியதும் கொழுந்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் அம்மாவும் கூடையோடு நின்றாள். யாரோ ஒருத்தி ஜன்னல் வழியாகத் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். வலது கையால் வாங்கினேன். என் பாவிக் கை, இடது கை, பழையபடி தானாக நீண்டு மலர்ந்தது.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து சீட்டிலிருந்து குமார் அந்தக் கையைப் பிடித்து இழுத்தான். சீனி விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, மணிக்கட்டில், இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னடா மாப்ள, இருக்கேனா?"

"இரு மச்சான், பேசாத. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

எண்ணி முடிக்கும்வரை நான் அசையவில்லை. மற்றக் கையில் இருந்த தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தேன். கசந்தது.

"ஒழுங்காத்தான் போகுது" என்றான் குமார். "எடு லொறிய."

எடுத்தேன்.